தட்டும் முள்ளும்

ஐம்பொறிகளுள் செவிக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. கண்ணை மூடிக்கொள்ள இமை உளது. வாயை மூடிக்கொள்ள இதழ் உளது. செவிக்கோ கதவு இல்லை. உறங்கும் வேளையிலும் அது விழித்தே இருக்கிறது. அதனாலேயே நம் முன்னோர் செவிவழி வரும் செல்வத்தைப் பெரிதாகப் போற்றினர். திருக்குறளில் ‘கேள்வி’ என்றே ஓர் அதிகாரம் அமைந்துள்ளமை யாவரும் அறிந்ததாகும். நல்ல சொல்லைக் கேட்டல் அறிவை வளர்க்கும். நல்ல இசையைக் கேட்டல் உள்ளத்தைப் பண்படுத்தும்.

இசையைக் கேட்டு இன்புறுவதற்கு இக்காலத்தில் கருவிகள் பல உள்ளன. அவற்றுள் பழமையும் புதுமையும் ஒருங்கே பெற்றது இசைத்தட்டு. மறைந்துவிட்டது என்று பலரும் எண்ணியிருந்த இசைத்தட்டு, இருபத்தோராம் நூற்றாண்டில் மீண்டும் உயிர் பெற்று எழுந்தது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் இசைத்தட்டு விற்பனையால் வந்த பணம் குறுந்தகட்டு விற்பனையால் வந்த பணத்தை விஞ்சியது. இவ்வாறு தட்டு மீண்டதும், அதனுடன் பழைய வினா ஒன்றும் மீண்டது. தட்டைச் சுழற்றும் கருவியை விலையுயர்ந்த கருவியாக மாற்றினால், அதிலிருந்து எழும் இசையும் உண்மையாகவே உயர்ந்துவிடுமா? அன்றி, பணம் கொடுத்தவரின் மனம் தன்னைத் தானே தேற்றிக் கொள்ளுகின்றதா? இவ்வினா இசையைப் பற்றியதாகத் தோன்றினும், உண்மையில் அறிவைப் பற்றியது. பொருளை எண்ணிச் செலவிடுதலைப் பற்றியது. கிடைத்தற்கரிய பழஞ்செல்வத்தைக் காத்தலைப் பற்றியது. ஆதலின் அதனை ஆராய்ந்து பார்த்தல் தகும்.

பாடுவோர் எதிரே இருந்தால்தான் பாட்டு என்னும் நிலை 1877ஆம் ஆண்டில் மாறியது. அவ்வாண்டில் தாமஸ் ஆல்வா எடிசன், மெல்லிய வெள்ளீயத் தகடு சுற்றிய உருளை ஒன்றில் மனிதக் குரலைப் பதித்து, அதனை மீண்டும் பேசச் செய்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1887இல், எமில் பெர்லினர் என்பவர் உருளையை விடுத்து வட்டத்தட்டைக் கைக்கொண்டார். அவர் அமைத்த கருவியே கிராமபோன் எனப் பெயர் பெற்றது. உருளையைக் காட்டிலும் தட்டை எளிதில் படியெடுக்கலாம். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியும் வைக்கலாம். ஆதலின் தட்டே வென்றது.

இந்தியாவிற்கு இக்கலை விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1902ஆம் ஆண்டில் ஃபிரெட் கைஸ்பெர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவிற்கு வந்து, புகழ்பெற்ற பாடகியாகிய கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். 1908இல் கல்கத்தாவின் சியால்டாப் பகுதியில் இசைத்தட்டுத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. 1928இல் டம்டம் என்னும் இடத்தில் பெரியதொரு தொழிற்சாலை அமைந்தது. அக்காலத் தட்டுகள் அரக்கும் கற்பொடியும் கலந்து செய்யப்பட்டவை. அரக்கு என்பது ஒருவகைச் சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின். அதனை உலகிற்கு மிகுதியாக வழங்கிய நாடு இந்தியாவே. இலண்டனிலும் நியூயார்க்கிலும் செல்வர் மாளிகைகளில் சுழன்ற தட்டுகளுக்குள், நம் நாட்டுக் காட்டு மரங்களின் அரக்குக் கலந்திருந்தது.

தமிழகத்தில் இசைத்தட்டு ஆற்றிய தொண்டுக்கு ஒரு சான்று போதும். செங்கோட்டையிலிருந்து வந்த எஸ். ஜி. கிட்டப்பா, நாடக மேடையில் பாடிப் பெரும்புகழ் பெற்றவர். அவர் 1906இல் பிறந்து 1933இல், தம் இருபத்தேழாம் வயதில், மறைந்தார். அவர் திரைப்படம் எதிலும் நடித்திலர். அவரை நேரில் கேட்டவர் இன்று மிக அரியர். ஆயினும் அவர் குரல் எத்தகையது என்று இன்று ஒருவர் அறிய விரும்பினால் அறியலாம். அரக்குத் தட்டுகளின் வரிப்பள்ளங்களில் அக்குரல் தங்கியிருக்கிறது. ஒரு மனிதன் மறைந்த பின்னும் அவன் மூச்சை ஏந்தி நிற்கும் பொருளை வெறும் தட்டு என்று எளிதாக எண்ணலாமா?

அரக்குத் தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். 1948இல் வினைல் என்னும் செயற்கைப் பொருளால் ஆகிய நெடுந்தட்டு அமெரிக்காவில் வெளிவந்தது. மக்கள் அதனை எல்.பி. என்று வழங்கினர். அது நிமிடத்திற்கு முப்பத்து மூன்றேகால் முறை அன்று, முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுழல்வது. ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி ஆகும். ஒரு பக்கம் இருபது நிமிடத்திற்கு மேலும் இசைத்தது. எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் வெளிவந்தது இத்தகைய நெடுந்தட்டிலேயே ஆகும். பின்னர் ஒலிநாடா வந்தது. 1982இல் குறுந்தகடு வந்தது. தட்டுகள் பரண் ஏறின. சென்னை மூர் மார்க்கெட்டின் பழம்பொருட் கடைகளில் அடுக்கடுக்காக அவை கிடந்தன. 1985இல் அச்சந்தை தீக்கு இரையாயிற்று. இன்று எஞ்சியுள்ள ஒவ்வொரு பழந்தட்டும், இத்தகைய அழிவுகள் பலவற்றைக் கடந்து வந்ததாகும்.

இனி, தட்டு எவ்வாறு பாடுகிறது என்பதைக் காண்போர்க்குத் தொப்பூர்க் கணவாய் நல்லதோர் உவமையாகும். தருமபுரி மாவட்டத்தில், தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே மலைகள் சூழ அமைந்த ஊர் தொப்பூர். பெங்களூரிலிருந்து சேலத்திற்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை அவ்வூர்க் கணவாய் வழியே இறங்குகின்றது. இரவும் பகலும் லாரிகள் வரிசை வரிசையாக இறங்கும். சாலை வளையும் இடத்தில் வண்டியும் வளைய வேண்டும். வளைவில் வேகம் மிகுந்தாலோ, தடை பிடிக்காவிட்டாலோ, விபத்து நேரும். அக்கணவாயின் விபத்துகள் நாளிதழ் படிப்போர் பலரும் அறிந்தவை.

தட்டின் வரிப்பள்ளமும் இத்தகைய மலைப்பாதையே. நெடுந்தட்டில் அதன் அகலம் ஒரு மயிரிழையைவிடச் சிறியது. ஒரு பக்கத்தில் பல வரிகள் இருப்பனபோல் தோன்றினும், உள்ளது வெளிவிளிம்பிலிருந்து மையம் நோக்கிச் சுருண்டு செல்லும் ஒரே பாதைதான். அப்பாதையின் இரு கரைகளும் இசைக்கேற்ப நெளிந்து வளைந்திருக்கும். முள் அதனுள் அமர்ந்து, நெளிவுதோறும் நெளிந்து, வளைவுதோறும் வளைந்து செல்லும். அம்முள்ளின் அசைவே மின்னலையாக மாறி, ஒலிபெருக்கியில் இசையாக எழுகின்றது. முள் லாரியைப் போன்றது. பள்ளம் சாலையைப் போன்றது. ஒரு வேற்றுமை உண்டு: சாலையில் வண்டி ஓடும், இங்கோ சாலையே சுழன்று வண்டியின் அடியில் வருகின்றது.

இவ்வுவமையைக் கொண்டே வினாவின் பெரும்பகுதிக்கு விடை காணலாம். நல்ல வண்டி சாலையை அகலமாக்காது, குழிகளை நிரப்பாது, வளைவை நேராக்காது. ஆனால் கெட்ட வண்டி நல்ல சாலையிலும் உருண்டுவிடும். அவ்வாறே, நல்ல சுழற்கருவி தட்டில் இல்லாத இசையைத் தராது. கெட்ட கருவியோ தட்டில் உள்ள இசையையும் கெடுத்துவிடும்.

சுழற்கருவி ஆற்ற வேண்டிய கடமைகள் மூன்று. தட்டை ஒரே சீரான வேகத்தில் சுழற்றுதல் முதற்கடமை. தான் ஓசை எழுப்பாது அமைதியாக இருத்தல் இரண்டாம் கடமை. முள்ளைத் தாங்கும் கையை அளவான எடையுடனும் நேரான நிலையிலும் நடத்திச் செல்லுதல் மூன்றாம் கடமை. இம்மூன்றையும் தவறாது செய்யும் கருவி நல்ல கருவி. விலை எதுவாயினும் ஆகுக.

முதற்கடமையைப் பார்ப்போம். வேகம் கூடினால் சுருதி ஏறும். குறைந்தால் சுருதி இறங்கும். வில்சுருள் கிராமபோனில் முறுக்குத் தளரும்போது பாடகரின் குரல் சோர்ந்து தாழ்வதைக் கேட்டவர் மறவார். ஒரு சுரத்தானத்திற்கும் அடுத்த சுரத்தானத்திற்கும் இடையே அதிர்வெண் ஏறத்தாழ 6 விழுக்காடு வேறுபடும். எனவே வேகம் ஒரு விழுக்காடு தள்ளாடினால், சுருதி ஒரு சுரத்தானத்தின் ஆறில் ஒரு பங்கு அளவு தள்ளாடும். வேகம் மாறாமல் ஒரே அளவாகச் சற்றுக் குறைந்திருந்தால் பெரும்பாலோர் அதனை உணரார். ஆனால் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் செவி உடனே பொறுக்காது. தம்பூராவின் நீண்ட நாதத்திலும், நாகசுரத்திற்குத் துணையாகும் ஒத்தின் ஓசையிலும் இத்தள்ளாட்டம் தெளிவாக வெளிப்படும். ஆகவே தள்ளாடும் பழங்கருவியை விடுத்துச் சீராகச் சுழலும் கருவியைக் கொண்டால், இசை உயர்வது உண்மை. அதில் மயக்கம் சிறிதும் இல்லை.

ஆயினும் இவ்வுயர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. 1972இல் சப்பான் நாட்டில் டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 என்னும் சுழற்கருவி வெளிவந்தது. மோட்டாரின் அச்சிலேயே தட்டைச் சுழற்றும் அமைப்பு உடையது அது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில் வேகத் தள்ளாட்டம் 0.025 விழுக்காடு என்று அதனைச் செய்தோர் குறித்தனர். இந்த எண்ணை ஒரு கணக்கோடு ஒப்பிட்டு நோக்குக. ஒரு தட்டின் நடுத்துளை உரிய மையத்திலிருந்து அரை மில்லிமீட்டர் விலகியுள்ளது எனக் கொண்டால், மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள பள்ளத்தில் முள்ளின் கீழ் வேகம் சுற்றுதோறும் அரை விழுக்காடு கூடியும் குறைந்தும் வரும். இது கருவியின் தள்ளாட்டத்தைப் போல் இருபது மடங்கு. இதற்குக் காரணம் கருவி அன்று, தட்டு. இருபது மடங்கு பெரிய குறை தட்டில் இருக்கும்போது, கருவியின் சிறு குறையைப் பாதியாக்குவதற்குப் பெரும்பொருள் செலவிடுதல், ஓட்டைப் பானையைப் பொன்மூடியால் மூடுவது போன்றதாகும். 1980களின் தொடக்கத்தில் நாகமிச்சி என்னும் சப்பானிய நிறுவனம், துளையின் விலகலைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் கருவி ஒன்றைச் செய்தது. நோயின் இடம் எது என்று அறிந்து மருந்து கொடுத்தமைக்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

இரண்டாம் கடமை அமைதி. பள்ளத்தின் நெளிவுகளுள் மிக நுண்ணியவை ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் சிறியவை. அத்துணை நுண்ணிய அசைவை உணரும் முள், மோட்டாரின் நடுக்கத்தையும் அச்சின் உராய்வையும் உணராது இருக்குமா? அவையும் இசையோடு கலந்து உறுமலாக வெளிவரும். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. தட்டில் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைச் சுருக்கியும் உயர்ந்த ஒலிகளைப் பெருக்கியும் பதிப்பது வழக்கம். 1954இல் இதற்கு ஒரு பொதுவிதி வகுக்கப்பட்டது. மீண்டும் ஒலிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைப் பெருக்கிச் சமன் செய்ய வேண்டும். மிகத் தாழ்ந்த ஒலிகள் நடுத்தர ஒலிகளைவிடப் பத்து மடங்கு வரை பெருக்கப்படும். அவற்றோடு மோட்டாரின் உறுமலும் பத்து மடங்கு பெருகும். ஆதலால் உறுமும் கருவியை மாற்றுதல் நன்று.

இங்கும் விலையே அளவுகோல் என்று எண்ணுதல் கூடாது. 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் என்பவர், தட்டும் கையும் வில்களில் தொங்குமாறு எளியதொரு கருவியை அமைத்தார். வாடகை வீட்டில் குடியிருப்போரும் வாங்கத்தக்க விலையே அதற்கு. ஆனால் அதன் அருகே தரை அதிர நடந்தாலும் முள் துள்ளாது. அறிவு செலவழித்த இடத்தில் பொருள் மிகுதியாகச் செலவாகவில்லை. அவர் வழியைப் பின்னர் பலரும் பின்பற்றினர். சிலர் அதனை மெருகூட்டிப் பன்மடங்கு விலைக்கு விற்றனர்.

மூன்றாம் கடமையே மிகவும் இன்றியமையாதது. பழைய கிராமபோனில் முள்ளின் மேல் அமர்ந்த சுமை நூறு கிராமிற்கும் மிகுதி. எஃகு முள்ளைப் பக்கந்தோறும் மாற்ற வேண்டும். அரக்குத் தட்டில் கற்பொடி கலந்திருந்தமையால், தட்டே முள்ளைத் தேய்த்துத் தன் பள்ளத்திற்கேற்ப வடிவமைத்துக் கொள்ளும். வினைல் மென்மையானது, அது அத்தகைய சுமையைத் தாங்காது. இக்காலக் கருவிகளில் சுமை ஒன்றரை கிராம் முதல் இரண்டு கிராம் வரையே இருக்கும். பெட்டி போன்ற மலிவான கருவிகள் பலவற்றில் சுமை இதனினும் மிகுதி. தேய்ந்த முள்ளோ உளிபோல் ஆகிவிடும்; பள்ளத்தின் கரைகளில் உள்ள நுண்ணிய நெளிவுகளைச் செதுக்கி எறியும். அவ்வாறு செதுக்கப்பட்டவை உயர்ந்த சுரங்கள். மீண்டும் அவை வாரா. அத்தகைய கருவியில் ஒரு பாட்டை ஒருமுறை கேட்டல், அப்பாட்டை ஒருமுறை அழித்தலாகும்.

இவ்வுண்மைகளை ஒரு குடும்பத்தின் நிலையில் வைத்துப் பார்த்தால் மேலும் விளங்கும். தொப்பூரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார் எனக் கொள்க. அவரிடம் நெடுந்தட்டுகள் சில உள. தம் தந்தையார் வாங்கிய கிட்டப்பாவின் அரக்குத் தட்டுகளும் உள. 1970களில் வாங்கிய பெட்டிக் கருவி ஒன்றில் அவற்றைக் கேட்டு வருகின்றார். மகன் பெங்களூரில் பணி புரிகின்றான். விடுமுறைக்கு வந்த மகன், “அப்பா, இந்தப் பழம்பெட்டியை விட்டுவிடுங்கள். பல இலட்சம் விலையுள்ள சுழற்கருவிகள் வந்துள்ளன. கடன் வாங்கியேனும் ஒன்றை உங்களுக்கு வாங்கித் தருகிறேன்” என்கின்றான்.

“கடன் வாங்கிக் கேட்கும் பாட்டில் சுருதி சேராது, தம்பி” என்கின்றார் தந்தை. “பழம்பெட்டி போதும் என்றும் நான் சொல்லவில்லை, இலட்சம் வேண்டும் என்றும் சொல்லவில்லை. எந்தக் குறை எங்கே இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.”

இருவரும் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். தட்டுகளில் புழுதி படிந்திருக்கின்றது. நெடுந்தட்டுகளை வாலைவடி நீரால் மென்மையாகக் கழுவித் துடைக்கின்றனர். ‘படபட’ என்னும் ஓசையில் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது. அரக்குத் தட்டுகளை ஸ்பிரிட்டால் துடைக்க மகன் எண்ணும்போது தந்தை தடுக்கின்றார். தச்சர் மெருகு பூசுவதற்கு அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கின்றனர்? தட்டும் அவ்வாறே கரைந்து போகும். பின்னர்க் கருவியை நோக்குகின்றனர். அது நிற்கும் மேசை ஆடுகின்றது. நெடுஞ்சாலையில் பாரவண்டி செல்லும்போதெல்லாம் அதிர்கின்றது. சுவரில் பதித்த கடப்பைக் கற்பலகையின் மீது அதனை வைத்து, கொத்தனாரின் இரசமட்டத்தால் சமன் செய்கின்றனர். உறுமலில் ஒரு பகுதி நீங்குகின்றது. இவற்றுக்கு ஆன செலவு மிகச் சிறிது.

ஆனால் முள்ளைப் பெருக்காடியில் நோக்கிய பின்னரே உண்மைக் குறை வெளிப்படுகின்றது. முள் தேய்ந்திருக்கின்றது, கையின் சுமையோ குறைக்க இயலாதவாறு மிகுந்திருக்கின்றது, சுழற்றும் இரப்பர்ச் சக்கரம் இறுகிக் கல்லாயிற்று. மூன்று கடமைகளில் ஒன்றையும் அக்கருவி ஆற்றவில்லை. இந்நிலையில் கருவியை மாற்றுதல் ஆடம்பரம் அன்று, கடமை. எனவே, சுமையைத் திருத்தக்கூடிய கையும், சீரான சுழற்சியும், முள்ளை மாற்றும் வசதியும் உடைய நடுத்தர விலைக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். 78 சுழற்சி அதில் உண்டா என்றும் கேட்டு அறிகின்றனர். இக்காலக் கருவிகள் பலவற்றில் அது இல்லை. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. நெடுந்தட்டின் முள் அதன் அடியில் விழுந்து மண்ணைக் கிளறும். ஆதலின் அரக்குத் தட்டுக்கெனப் பருத்த முள் ஒன்றையும் வாங்குகின்றனர்.

புதுக்கருவி வந்ததும் வேற்றுமை எவர்க்கும் விளங்குகின்றது. சுருதி நிலைத்து நிற்கின்றது. மிருதங்கத்தின் தொப்பி ஓசை உறுமலினின்றும் பிரிந்து தனியே கேட்கின்றது. மகனுக்கு ஆசை மேலும் பெருகுகின்றது. “நடுத்தரக் கருவியே இவ்வளவு செய்தால், இலட்சக் கருவி எவ்வளவு செய்யும்!” என்று வியக்கின்றான்.

இங்கேதான் பலர் வழுக்கி விழுகின்றனர். முதற்படி ஏறியபோது கண்ட உயர்வு ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் என்று எண்ணுதல் இயல்பு. ஆனால் இயற்கை அவ்வாறு அமையவில்லை. கெட்டதை விடுத்து நல்லதைக் கொள்ளும்போது கிடைக்கும் உயர்வு மலையளவு. நல்லதை விடுத்து மிக நல்லதைக் கொள்ளும்போது கிடைப்பது தினையளவு. அதற்கு மேல் கிடைப்பது உண்டா இல்லையா என்பதே ஐயம். தட்டுக்கும் சில எல்லைகள் உண்டு. நெடுந்தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் முள்ளின் கீழ் வினாடிக்கு ஏறத்தாழ 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். பாட்டு முடியும் உட்பகுதியில் அது ஏறத்தாழ 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். ஒரே சுரத்திற்கு உரிய நெளிவுகள் அங்கே நெருங்கி அடைபட்டுக் கிடக்கும். உட்பகுதியில் இசை சற்றுக் கலங்குவது இதனாலேயே. நுண்ணிய முனையுள்ள முள் இக்கலக்கத்தைக் குறைக்கும். தட்டைச் சுழற்றும் மேடையின் எடையும் பளபளப்பும் குறைக்கமாட்டா. கீறல் விழுந்த தட்டு எந்தக் கருவியிலும் சொன்னதையே சொல்லும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபர் என்னும் இயற்பியலறிஞரும் அவர் துணைவரும், முள்ளே இல்லாமல் ஒளியால் பள்ளத்தைப் படம் பிடித்து, அப்படத்திலிருந்து ஒலியைக் கணக்கிட்டு எடுக்கும் முறையை வகுத்தனர். உடைந்த தட்டுகளையும் தொட முடியாத உருளைகளையும் அம்முறை பேச வைத்தது. தேயாத, தள்ளாடாத, உறுமாத வழி அது. ஆயினும் பதிவு செய்த நாளில் பள்ளத்தில் பதியாத ஓசையை அம்முறையாலும் எழுப்ப இயலாது. கருவியின் எல்லை எது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கேட்பது செவி மட்டும் அன்று, மனமும் கேட்கின்றது. 1915 முதல் எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் புதுமையான காட்சிகளை நடத்தியது. மேடையில் பாடகியும் இயந்திரமும் மாறி மாறிப் பாடும், விளக்கு அணைக்கப்படும், மீண்டும் விளக்கு எரியும்போது பாடகி மேடையில் இரார், பாடிக்கொண்டிருந்தது இயந்திரம் என்று கண்டு மக்கள் வியப்பர். இக்காலச் செவிக்கு அவ்வியந்திரத்தின் ஒலி கரகரப்பானது. அன்று பாடியோருள் ஒருவராகிய அன்னா கேஸ், தம் குரலை இயந்திரத்தின் அளவிற்கு அடக்கிப் பாடியதாகப் பிற்காலத்தில் கூறினார். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் மனித மனம் மாறவில்லை. 2022ஆம் ஆண்டில், பழைய முறையிலேயே தட்டு வார்ப்பதாகப் பெயர் பெற்றிருந்த அமெரிக்க நிறுவனம் ஒன்று, பல ஆண்டுகளாக இடையில் எண்முறைப் பதிவையும் பயன்படுத்தி வந்தமை வெளிப்பட்டது. விலையுயர்ந்த கருவிகளில் அத்தட்டுகளைக் கேட்டு, பழைய முறையின் இனிமையே இனிமை என்று புகழ்ந்தவர் பலர். தம் செவியையே நம்பியவர் தாம் நம்பியதையே கேட்டனர்.

ஆதலின் தந்தை மகனுக்கு ஒரு சோதனையைச் சொல்கின்றார். “உன் நண்பனிடம் இலட்சக் கருவி இருக்கிறது அல்லவா? ஒரே தட்டை இரண்டிலும் ஒலிக்கச் செய்து, கணிப்பொறியில் பதிந்து கொண்டு வா. இரண்டின் உரப்பையும் ஒன்றாக்கிவிடு. சற்று உரத்து ஒலிப்பதே நல்லது என்று செவி ஏமாந்துவிடும். எது எந்தக் கருவி என்று சொல்லாமல் உன் தங்கை பத்துமுறை ஒலிக்கச் செய்யட்டும். நீ தாளில் குறித்து வா.” ஒவ்வொரு முறையும் இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் கூறினால், பத்தும் சரியாக அமைய 1024இல் ஒரு வாய்ப்பே உண்டு. எனவே பத்தும் சரியானால் அவன் செவி உண்மையாகவே வேற்றுமையைக் கண்டது எனலாம். ஐந்தோ ஆறோ சரியானால், வேற்றுமை கருவியில் இல்லை, விலைச்சீட்டில் இருக்கின்றது. எந்த முடிவு வந்தாலும் இழப்பு இல்லை. முன்னதில் பொருளின் மதிப்புத் தெரியும்; பின்னதில் பொருளே மிஞ்சும்.

விலையுயர்ந்த கருவிகளை விரும்புவோர் எல்லாரும் அறிவிலர் என்பது கருத்தன்று. நேர்த்தியாகக் கடைந்தெடுத்த ஒரு பொருளைக் கண்டு மகிழ்தலும் இன்பமே. பட்டுத்துணி உடலை மட்டுமா மூடுகின்றது? ஆயின் கண்ணின்பத்திற்குக் கொடுத்த விலையைச் செவியின்பத்திற்குக் கொடுத்ததாகக் கணக்கு எழுதுதல் பிழை. அழகுக்காக வாங்குவோர் அழகுக்காக வாங்கியதாகவே கூறுவராயின், அவர்பால் குறை காண இடமில்லை. இசைக்காக வாங்குவோர், பொருளை இசை பிறக்கும் இடத்தில் செலவிட வேண்டும். தட்டின் தூய்மை, முள்ளின் கூர்மை, கையின் அளவு, நிற்கும் இடத்தின் உறுதி, ஒலிபெருக்கியின் தரம், அறையின் அமைப்பு ஆகிய இவற்றைச் சீர்செய்த பின்னரே சுழற்கருவியின் மேன்மையைப் பற்றி எண்ண வேண்டும்.

மேலும், கருவியை மாற்றுவதற்குரிய தலைசிறந்த காரணம் இன்றைய இனிமை அன்று, நாளைய இருப்பு. கிட்டப்பாவின் தட்டு ஒன்று தேய்ந்து போனால், அதற்கு ஈடாக அவரை மீண்டும் பாடச் சொல்ல இயலாது. தட்டை வருத்தாத கருவியில் அதனை ஒருமுறை ஒலிக்கச் செய்து, கணிப்பொறியில் படியெடுத்து வைத்துவிட்டால், முள் படாமலே பல்லாயிரவர் அதனைக் கேட்கலாம். மூலத்தட்டும் உறையினுள் பாதுகாப்பாக உறங்கும். தொப்பூர் ஆசிரியரின் கையில் மிஞ்சிய பணம் இப்பணிக்குப் பயன்படுமாயின், அதனினும் சிறந்த செலவு வேறு இல்லை. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளும் அக்குரலைக் கேட்பர்.

கருவி உயர்ந்தால் இசை உயருமா என்னும் வினாவிற்கு விடை இதுவேயாகும்: கடமை தவறும் கருவியை மாற்றினால் உயரும், கடமை தவறாத கருவியை மேலும் மேலும் மாற்றினால், உயர்வது பெரும்பாலும் செலவே. எங்கே குறை உளது என்று தேடி அங்கே கை வைப்பதே அறிவுடைமை. இவ்வுண்மை இசைத்தட்டுக்கு மட்டும் உரியது அன்று. நல்ல பேனா நல்ல எழுத்தைத் தராது; ஒழுகும் பேனா நல்ல எழுத்தையும் கெடுக்கும். ஒழுகாத பேனா கிடைத்த பின் மாணவன் நாட வேண்டுவது பொற்பேனாவை அன்று, பயிற்சியையே ஆகும்.